பட்டரின் தண்ணீர்ச் சட்டி

பட்டர் என்று பெயர் வைத்தவன் தவசீலன்.
அது பட்டரைக் கண்டதே இல்லை.
துறைமுக வீதி பேக்கரியின் பின்கதவில்
இரவு இரண்டு மணிக்கு
விளிம்பு கருகிய பற்றிஸ், உடைந்த பிஸ்கட்,
மாஜரின் தகரத்தின் அடிவழியல்.
வயிறு ஒருநாளும் காலியாய் இருந்ததில்லை.

"சொறி, டொக்டர்" என்று தூக்கி வந்தான்,
சாக்கு விரித்த முச்சக்கர வண்டியில்.
சுரண்டிக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன்.
பூச்சி இல்லை. பூஞ்சை இல்லை.
முதுகெங்கும் வெள்ளைச் செதில்,
நிலாவெளி உப்பளத்தின் ஓரம் காய்ந்தமாதிரி.
மயிர், தொட்டால் தும்பு.
மூன்று குட்டி போட்டு இரண்டு போயிற்றாம்.

"தண்ணி குடிக்குமா?"
"அதையேன் கேக்கிறியள். ஒரு சட்டி வச்சா
விடிய முன்னம் காலி."
"கனக்கப் பெய்யுமா?"
"இல்லையே."
அப்படியென்றால்
அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

அந்தக் கேள்வியோடு
பேராதனையில் ஒரு டிசம்பர் திரும்பி வந்தது.
இரண்டு கூடு. எலிகள்.
ஒன்றுக்குத் தீனியில் கொழுப்பே கிடையாது.
மற்றதுக்குக் கட்டியாக்கிய எண்ணெய், தாராளமாய்.
வாலில் முதலில் செதில் கட்டுவது
பட்டினிக் கூட்டில்தான் என்று பந்தயம் கட்டினேன்.
தோற்றேன்.
ஒரு கொத்து ரொட்டி, இரண்டு பிளேன்டீ.

கொழுப்பின் சங்கிலியில் ஓர் இடத்தில் முடக்கு இருக்கிறது.
ஐதரசன் ஊதும்போது சில முடக்குகள் நிரம்பிவிடும்,
சில, விறைப்பாய் நிமிர்ந்துவிடும்.
சுவாமிமலையில் ஏறி நின்று பாருங்கள்:
டச்சுக் குடா, பின்குடா, அந்தப் பக்கம் உள்துறைமுகம்.
இந்தக் கரையைப் பிடித்து நூல் போல நிமிர்த்தினால்
மண் அதே மண். கல் அதே கல்.
எந்தக் கப்பல் வந்து கட்டும்?

தோல் முழுக்க அப்படி நிமிர்ந்த கரை.
தண்ணீர் நிற்க இடமில்லாமல்
காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு.
ஈரலுக்குள் ஒரு சோதனைச்சாவடி, ஒற்றை வாசல்.
(எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை.)
போகவேண்டியவள் வெயிலில் நிற்கிறாள்.
முன்னால் ஒருவன் அட்டையை நீட்டியபடி,
முழுப் பொய்யுமில்லை, மெய்யுமில்லை.
சிப்பாய் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான்.
அன்றைக்கு வந்ததே அவள் ஒருத்திதான்.
அவளுக்கும் வாசல் இல்லை.

இதில் ஒன்றையும் தவசீலனுக்குச் சொல்லவில்லை.
படலையடியில் ஒரு புள்ளிமான்
பணிஸ் சுற்றிய கடதாசியை மென்றுகொண்டு நின்றது.
"அப்ப மானுக்கும் இந்த வருத்தம் வருமோ?"
"அதுக்கு வேற கணக்கு.
எண்ணெயை நிமிர்த்துறது அதின்ர வயித்துக்குப் பழகின வேலை.
கடதாசியைப் பறியும் முதல்ல."

சீட்டில் எழுதினேன்:
மாஜரின் சாமான் வேண்டாம்.
சோறு, மீன் தலை,
நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.
"ஊசி?"
"இல்லை."
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.
"சாப்பாடு குடுத்துக் குடுத்தே
பட்டினி போட்டிருக்கிறன் எண்டுறியள்."
"ம்."
அந்த 'ம்' இல்லாமலும் முடித்திருக்கலாம்.

போகும்போது முழங்கையைச் சொறிந்தான்.
வெள்ளையாய் உதிர்ந்தது.
இரவில் அவனுக்கும் அதே தகரம்தான்.
நான் மனிதருக்கு டொக்டர் இல்லை.
பின்னேரத் தேத்தண்ணிக்கு நானும்
அந்த பேக்கரிப் பற்றிஸ்தான் வாங்குகிறேன்,
அன்றைக்கும் வாங்கினேன்.

ஏழாம் கிழமை, விடிய ஐந்தரை, அலைபேசி.
பின்னால் போறணையின் இரும்புக் கதவுச் சத்தம்.
செதிலைப் பற்றி, மயிரைப் பற்றி,
மிஞ்சிய குட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"டொக்டர்,
சட்டியில தண்ணி மிச்சம் கிடக்கு."